வண்டிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

பல்லடம் வட்டாரத்தில் ஊர் அடங்கிய பிறகுதான் கோழி வண்டிகளுக்கு வேலை தொடங்குகிறது. பண்ணைகளில் கறிக்கோழிகளைப் பிடித்து, கூண்டுகளில் அடைத்து, வெயில் ஏறுமுன் சந்தைக்குக் கொண்டு சேர்த்துவிட வேண்டும். வண்டி ஓடும்வரை கூண்டுகளுக்குள் காற்று புகும். நின்றுவிட்டால், நெருக்கி அடைக்கப்பட்ட பறவைகளின் உடல் வெப்பமே அவற்றுக்கு எமனாகிவிடும்.

அப்படி ஒரு சிறிய டீசல் வண்டி கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று ஓட்டுநரின் முன்னே எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. சற்று நேரத்தில் எஞ்சின் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது; எஞ்சின் பிடிக்கவில்லை. விடியும் வேளையில் ஒரு மெக்கானிக் வந்து, கையடக்கமான ஒரு கருவியைச் சொருகிப் பார்க்கிறார். அதில் நான்கைந்து பிழைக் குறிகள் தோன்றுகின்றன.

"என்னங்கண்ணா ஆச்சு?" என்கிறார் ஓட்டுநர்.

"இத்தனை பிழை ஒண்ணா வருதுன்னா கம்ப்யூட்டர்தான் போயிருக்கோணும் தம்பி. புதுசுதான் மாத்தோணும்."

விலையைக் கேட்டால் வண்டிக்காரருக்குத் தலை சுற்றுகிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா? விடை காண வேண்டுமானால், எஞ்சினுக்குக் கணிப்பொறி எதற்காக வந்தது, எப்படி வந்தது, தன் நோயைத் தானே சொல்ல அது எப்போது கற்றுக்கொண்டது என்பவற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்கு என்ன கணக்கு?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் புகை. மிகுந்தால் எஞ்சின் திணறும். எவ்வளவு எரிபொருள் என்பது ஒரு கணக்கு. எந்த நொடியில் பற்றவைப்பது என்பது இன்னொரு கணக்கு. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில், கிராங்க் தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 18,000-இல் ஒரு பங்கு! பொறி சில பாகைகள் முந்தினாலும் பிந்தினாலும் வலிமை குறையும்; மிக முந்தினால் எஞ்சின் தட்டும்.

நெடுங்காலம் இந்தக் கணக்குகளை இரும்பும் பித்தளையும் வில்லும்தான் போட்டுவந்தன. ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் அமைத்த தெளிப்புக் கார்புரேட்டர், காற்றின் ஓட்டமே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தது. பொறியின் நேரத்தை, எஞ்சினோடு சுழலும் சிறு எடைகள் விலகியும் நெருங்கியும் சரிசெய்தன. டீசல் எஞ்சினுக்கு 1927-இல் பாஷ் நிறுவனத்தின் பீச்சுப் பம்பு பெரும் எண்ணிக்கையில் வரத் தொடங்கியது. ஒவ்வோர் உருளைக்கும் உரிய டீசலை அளந்து, நாசில் வழியாக அழுத்தத்துடன் பீச்சுவது அதன் பணி. 1951-இல் நிறுவப்பட்ட, பெங்களூரின் 'மைக்கோ' நிறுவனம் இந்தப் பம்புகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் இந்தியாவிலேயே செய்து தந்தது.

இந்த இயந்திரக் கணக்கைப் படிக்க, கற்ற கையும் கூர்ந்த செவியும் போதும். கொங்கு நாட்டில் அந்த மரபு பழையது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, பின்னர் பெரும் பேருந்து நிறுவனத்தையே நடத்தியதோடு, இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி தரும் நிலையங்களையும் தொடங்கினார். கழற்றிப் பார், புரிந்துகொள், திருப்பிப் பூட்டு என்பதே அக்காலப் பட்டறையின் பாடம். நான்கு உருளைகளில் எது வேலை செய்யவில்லை என்று அறிய, மெக்கானிக் ஓடும் எஞ்சினின் நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தியபோது ஓசை மாறவில்லையோ, அதுவே பழுதான உருளை. எவ்வளவு எளிய சோதனை!

அதே வேலையை இன்றைய 'காமன் ரெயில்' எஞ்சினில் செய்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் குழாய்களில் டீசல் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கிறது. கசியும் தாரை தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். கையும் செவியும் செய்த வேலையை ஒரு பெட்டிக்கு ஏன் கொடுத்தோம்? காரணம் எஞ்சினில் இல்லை, காற்றில் இருந்தது.

புகையில் பிறந்த பெட்டி

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1940-களில் ஒரு வகைப் புகைமூட்டம் வாட்டியது. கண் எரிந்தது, பயிர்கள் கருகின. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலார், அந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு நகரக் காற்றை ஆராயத் தொடங்கினார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் விளக்கினார். காரின் புகைக்குழல் குற்றவாளிக் கூண்டில் ஏறியது அப்போதுதான்.

அமெரிக்க நாடு 1970-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, கார்கள் வெளியிடும் நச்சுகளைச் சில ஆண்டுகளில் 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. காலக்கெடு பின்னர் தள்ளிப்போயிற்று என்றாலும் வழி திறந்துவிட்டது. பிளாட்டினம், ரோடியம் போன்ற உலோகங்களைப் பூசிய வினையூக்கி மாற்றியைப் புகைக்குழலில் வைத்தால் நச்சுகளை அழிக்கலாம். ஆனால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருங்கே அழிக்க வேண்டுமானால், காற்று–பெட்ரோல் விகிதம் 14.7-ஐ ஒட்டியே எப்போதும் நிற்க வேண்டும். மேடு, பள்ளம், குளிர், வெயில் எது வந்தாலும் விலகக் கூடாது. வில்லும் எடையும் இந்தக் கண்டிப்புக்குத் தாங்கவில்லை.

மின்னணு முறையில் எரிபொருளைப் பீச்சும் முயற்சி அதற்கு முன்பே நடந்திருந்தது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-இல் 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற அமைப்பை அறிவித்தது. கிரைஸ்லர் நிறுவனத்தின் 1958-ஆம் ஆண்டுக் கார்கள் சிலவற்றில் அது பொருத்தப்பட்டது. அக்கால மின்னணு உறுப்புகள் எஞ்சின் அறையின் சூட்டைத் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே பூட்டினார்கள். எஞ்சினின் மின்னணுப் பெட்டிக்குச் செய்யப்பட்ட முதல் வைத்தியம், அதைத் தூக்கி எறிந்ததுதான்!

பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பயன்படுத்தி, பாஷ் நிறுவனம் 1967-இல் 'டி-ஜெட்ரானிக்' அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. அதன் பெட்டியில் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஆனால் எண்களைக் கொண்டு கணக்கிடும் கணிப்பொறி இல்லை. 1971-இல் இன்டெல் நிறுவனத்தின் 4004 என்ற நுண்செயலி வந்தபின் காட்சி மாறியது. கணிப்பொறியின் மூளை ஒரு நகத்தளவு சில்லில் அடங்கிவிட்டது. 1976-இல் பாஷ் நிறுவனம் 'லாம்டா உணர்வி'யை வெளியிட்டது. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை முகர்ந்து பார்த்து, கலவை கூடுதலா குறைவா என்று சொல்லும் கருவி அது. வால்வோ நிறுவனம் அதைக் கலிபோர்னியாவுக்கான தன் கார்களில் முதலில் பொருத்தியது.

1977-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியின் நேரத்தை நுண்செயலியிடம் ஒப்படைத்தது. 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்த பாஷின் 'மோட்ரானிக்', எரிபொருள், பொறி ஆகிய இரு கணக்குகளையும் ஒரே பெட்டிக்குள் போட்டது. எஞ்சின் கணிப்பொறி முழு வடிவம் பெற்றுவிட்டது. நம் பட்டறைகளில் 'ஈ.சி.எம்.' என்று வழங்குவது இதையே.

இதை ஒரு கணக்குப்பிள்ளை எனலாம். அவர் தம் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. காற்றின் அளவு, நீரின் வெப்பம், கிராங்க் தண்டின் நிலை, ஓட்டுநரின் கால் அழுத்தம் ஆகியவற்றைத் தூதர்கள் வந்து சொல்கிறார்கள். இவர்கள்தாம் உணர்விகள் எனப்படும் சென்சார்கள். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, 'இவ்வளவு பீச்சு, இப்போது பீச்சு' என்று உத்தரவிடுகிறார். தூதன் தவறாகச் சொன்னால் கணக்கும் தவறும். ஆனால் அது கணக்குப்பிள்ளையின் குற்றமன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

தறியிடம் கேட்டால் தெரியும்

பழுது எங்கே என்று தானே சொல்லும் பொறி பல்லடத்துக்குப் புதிதன்று. தானியங்கித் தறியில் பாவு நூல் ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழும். தறி உடனே நின்றுவிடும். ஜப்பானியரான சாகிச்சி டொயோடா 1924-இல் முடித்த 'ஜி' வகைத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நிற்கும் தன்மையால் புகழ்பெற்றது. அதன் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. அவருடைய மகன் கீச்சிரோ கார்களின் பக்கம் திரும்பினார்; 1937-இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. தறிக்கும் காருக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

தகடு விழுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? தகட்டையா மாற்றுகிறார்? இல்லை. அறுந்த நூலை முடிந்து தறியை ஓட்டுகிறார். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால் காரணத்தைத் தேடுகிறார். பாவுக்குக் கஞ்சி சரியாக ஏறவில்லையா? நூல் மட்டமா? இழுவை அதிகமா? விழுதில் பிசிறா? நூல் எங்கே அறுந்தது என்று தகடு சொல்லும். ஏன் அறுந்தது என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது மனிதரின் வேலை.

எஞ்சின் கணிப்பொறியின் பிழைக் குறியும் அத்தகையதே. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் 'எஞ்சினைப் பார்' என்ற விளக்கு பரவியது. ஒரு சொருகியில் இரு முனைகளை இணைத்தால், அந்த விளக்கே கண் சிமிட்டிப் பிழை எண்ணைச் சொல்லும். கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் இவ்வசதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் நிறுவனத்துக்கு ஒரு சொருகி, நிறுவனத்துக்கு ஒரு மொழி என்றிருந்தது. 1996-இல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் சொருகியும் பொதுவான பிழைக் குறிகளும் கட்டாயமாயின. இதுவே 'ஓ.பி.டி. 2' என்பது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'பி 0335' என்பது ஒரு குறி. 'பி' என்றால் எஞ்சின், கியர் பகுதி. அடுத்த 0 இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி என்பதைக் காட்டும். 3 என்பது பற்றவைப்புத் தொகுதி. கடைசி இரண்டு எண்களும் குறிப்பிட்ட பழுதைச் சொல்லும். முழுப் பொருள், 'கிராங்க் தண்டின் நிலையைக் காட்டும் உணர்வியின் மின்சுற்றில் பழுது' என்பதாகும். 'உணர்வி கெட்டது' என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்சுற்று என்றால் உணர்வி, ஒயர், கனெக்டர், பெட்டியின் முனை எல்லாமும் அடங்கும். இந்த ஒரு சொல்லைச் சரியாகப் படிக்காததால் வீணான உதிரி உறுப்புகள் ஏராளம்.

நம் சாலைக்கு வந்த கதை

இந்தியாவுக்கும் இப்பெட்டி புகையின் வழியாகவே வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் வினையூக்கி மாற்றியைக் கெடுத்துவிடும். எனவே 1995 ஏப்ரலில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும், புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றியும் வந்தன. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவான சான்ட்ரோ கார், ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீச்சும் அமைப்புடன் வெளிவந்தது. 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்குக் கடுமையான புகை வரம்புகளை விதித்தது. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது.

சரக்கு வண்டிகளில் மாற்றம் தாமதமாகவே வந்தது. 2005-இல் வந்து சிற்றூர்ச் சந்தைகள்வரை பரவிய டாட்டா ஏஸ் வண்டி, தொடக்கத்தில் இயந்திரப் பம்பு கொண்ட எளிய டீசல் எஞ்சினுடன்தான் ஓடியது. 'பாரத் ஸ்டேஜ் 4' விதி 2010-இல் பெருநகரங்களுக்கும் 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல், ஐந்தாம் படியைத் தாண்டி, 'பாரத் ஸ்டேஜ் 6' வந்தது. கணிப்பொறி இல்லாமல் அந்த வரம்பை எட்டுவது அரிது. பனியன் மூட்டையும் பால் கேனும் சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொப்பெட்டில்கூடக் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீச்சும் மின்னணு அமைப்பு வந்துவிட்டது!

லாஸ் ஏஞ்சல்ஸில் தலைமுறைகள் கடந்து நடந்த மாற்றம், பல்லடத்துப் பட்டறைக்குச் சில ஆண்டுகளில் வந்து இறங்கியது. நேற்றுவரை நாசிலைப் பிரித்துச் சுத்தம் செய்த கைக்கு இன்று மல்டிமீட்டரும் ஸ்கேனரும் வேண்டும். அந்தக் கருவிகளைக் கொண்டு எப்படி யோசிப்பது என்பதும் தெரிய வேண்டும்.

பெட்டியைச் சந்தேகிக்கும் முறை

எஞ்சின் கணிப்பொறி கெடுவது உண்டு. ஆனால் ஒயரும் கனெக்டரும் உணர்வியும் கெடுவதைவிட அது அரிது. ஆகவே, கணக்குப்பிள்ளையைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். கற்றறிந்த மெக்கானிக் செல்லும் வழி பின்வருமாறு.

முதலில் பாட்டரி. 12 வோல்ட் வண்டியில், நன்றாக மின்னேறிய பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் பெட்டி மயங்கிவிடும். பிழைக் குறிகளைத் தாறுமாறாக எழுதும்.

இரண்டாவது, பெட்டிக்கு மின்சாரம் போகிறதா என்பது. பியூசையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். அத்துடன் எர்த்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துருவோ தளர்வோ இருக்கிறது என்று பொருள். கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பை அரிக்கும் என்பது வேதியியல் படித்த மாணவர்கள் அறிந்ததே. அத்தகைய சுமை ஏற்றும் வண்டிக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை.

மூன்றாவது, பெட்டி பேசுகிறதா என்பது. 16 முனைச் சொருகியின் 16-ஆம் முனையில் பாட்டரி மின்சாரமும், 4, 5-ஆம் முனைகளில் எர்த்தும் இருக்க வேண்டும். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற செய்தித்தடம் 6, 14-ஆம் முனைகளில் வருகிறது. தடத்தின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை உண்டு. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் தடத்தில் எங்கோ முறிவு. பெட்டியைக் கழற்றாமல், ஓர் எளிய மீட்டரால் இவ்வளவும் அறியலாம்.

நான்காவது, உணர்விகளுக்குப் பெட்டி அனுப்பும் 5 வோல்ட். பல உணர்விகள் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றின் ஒயர் உராய்ந்து எர்த்தில் தொட்டால் 5 வோல்ட் சரிந்துவிடும். உடனே அந்தத் தடத்தில் உள்ள எல்லா உணர்விகளும் ஒருங்கே ஊமையாகிவிடும். ஸ்கேனரில் நான்கைந்து குறிகள் வரிசையாக வரும். பார்ப்பவருக்கு 'இத்தனையும் ஒன்றாகக் கெடுமா? பெட்டிதான் போயிருக்கும்' என்றே தோன்றும். அப்போது செய்ய வேண்டியது இதுதான். மீட்டரில் 5 வோல்ட் தடத்தைப் பார்த்துக்கொண்டே உணர்விகளின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, பழுது அந்தக் கிளையில் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால், பெட்டியிலிருந்து வரும் ஒயரைத் தனியே சோதிக்க வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால்தான் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திய பழைய சோதனை நினைவுக்கு வருகிறதல்லவா? கருவி மாறியிருக்கிறது, ஒன்றொன்றாக விலக்கிப் பார்க்கும் அறிவு மாறவில்லை.

பெட்டி உண்மையிலேயே கெட்டால்

வெள்ளத்தில் நீர் புகுவது, பாட்டரியை முனை மாற்றி இணைப்பது, பாட்டரி ஒயரைக் கழற்றாமல் வண்டியில் கூண்டுச் சட்டத்தை வெல்டிங் செய்வது ஆகியவை பெட்டியைக் கொல்லும் வழக்கமான காரணங்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு காயிலோ இஞ்செக்டரோ உள்ளே ஷார்ட் ஆனால், அதை இயக்கும் பெட்டியின் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். காயிலைச் சோதிக்காமல் புதிய பெட்டியைப் பூட்டினால், அதுவும் எரியும். ஆகவே 'பெட்டி கெட்டது' என்று கண்ட பிறகும் 'ஏன் கெட்டது' என்று கேட்டே தீர வேண்டும்.

மாற்றுவதும் பல்பு மாற்றுவது போன்றதன்று. பழைய பெட்டியின்மேல் ஒட்டியுள்ள எண்ணும் புதிய பெட்டியின் எண்ணும் பொருந்த வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எழுதப்பட்ட பேரேடு வேறாக இருக்கலாம். பாட்டரி இணைப்பைக் கழற்றிய பின்பே கனெக்டரில் கை வைக்க வேண்டும். பிறகு, புதிய கணக்குப்பிள்ளைக்கு வண்டியை அறிமுகப்படுத்த வேண்டும். சேசிஸ் எண்ணை எழுத வேண்டும். டீசல் வண்டியாயின், ஒவ்வோர் இஞ்செக்டரின் தலையிலும் பொறித்துள்ள அளவுக் குறியையும் பல வண்டிகளில் எழுத வேண்டும். திருட்டைத் தடுக்கும் பூட்டு அமைப்பு இருந்தால், சாவியின் இரகசியக் குறியையும் பெட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், முற்றிலும் புதிய பெட்டி பூட்டியும் எஞ்சின் பிடிக்காது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய பெட்டி பெரும்பாலும் உதவாததற்கு இதுவே காரணம்.

சாவி யார் கையில்?

இங்கேதான் அறிவியலோடு நீதியும் கலக்கிறது. பெட்டிக்குள் எழுத வேண்டுமானால் அதற்குரிய கருவியும் கடவுச்சொல்லும் வேண்டும். அவை உற்பத்தியாளரிடமும் அவருடைய சேவை நிலையங்களிடமும் மட்டுமே இருந்தால், ஊர்ப் பட்டறை என்ன செய்யும்?

இந்தியாவில் இது வழக்காகவே வந்தது. உதிரி உறுப்புகளும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை என்று 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு முறையீடு சென்றது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்கள்மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் வண்டிகளுக்குப் 'பழுதுபார்க்கும் உரிமை'ச் சட்டம் இயற்றியது. நம் நடுவண் அரசின் நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் ஆய்வுக்கு உரிய துறைகளில் மோட்டார் வண்டியும் ஒன்று. வேளாண் கருவிகளும் உண்டு.

நிறுவனங்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பெட்டியை யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம் என்றால், வேகத்துக்காகப் பேரேட்டை மாற்றிப் புகையைக் கூட்டுவோரும் வருவர், திருடரும் வருவர். ஆனால் பூட்டு வேண்டும் என்பது ஒன்று. சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது வேறொன்று. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் நிற்கும் வண்டிக்கு, அருகில் உள்ள பட்டறைதான் மருத்துவமனை.

இனி நம் கோழி வண்டிக்கு வருவோம். விளக்கு எரிந்தது. கருவியைச் சொருகியதும் பெட்டி பதில் சொன்னது. ஆகவே கணக்குப்பிள்ளை உயிரோடுதான் இருக்கிறார். நான்கைந்து குறிகள் ஒருங்கே வந்தன. ஆகவே அவற்றுக்குப் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். 5 வோல்ட்டை அளந்து பார்த்திருந்தால், கூண்டுச் சட்டத்தைத் தாங்கும் பிடிப்பில் உராய்ந்து தோல் உரிந்த ஓர் ஒயர் அகப்பட்டிருக்கக் கூடும். அதற்கு மருந்து ஓர் அடி ஒயரும் இன்சுலேஷன் டேப்பும். புதிய பெட்டி பூட்டியிருந்தாலோ, பணமும் போயிருக்கும், எஞ்சினும் பிடித்திருக்காது.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் கணிப்பொறி பூட்டிய வண்டிகள் ஓடுகின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர நினைப்பவர் எவரேனும் உங்களிடையே இருந்தால், ஸ்பானரோடு ஒரு மல்டிமீட்டரையும் கையில் எடுத்துக்கொள்ளட்டும். ஓமின் விதி தேர்வுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. அது தெரிந்த ஒருவர் பட்டறையில் இருந்தால், விடிவதற்குள் வண்டி சந்தை போய்ச் சேரும்.